சேர் பொன்னம்பலம் இராமநாதன்: ஆசனமும் அதிகாரமும்

கொழும்பு காலிமுகத்திடலின் ஓரத்தில் கடலை நோக்கி நிற்கும் பழைய பாராளுமன்றக் கட்டடம் 1930ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் திறந்து வைக்கப்பட்டது. அப்போது நாட்டின் சட்டநிரூபண சபையில் வட மாகாணத்தின் ஒரு தொகுதியைப் பிரதிநிதித்துவம் செய்து கொண்டிருந்தவர் எழுபத்தெட்டு வயதுடைய சேர் பொன்னம்பலம் இராமநாதன். அதே ஆண்டு நவம்பரில் அவர் காலமானார். அடுத்த ஆண்டில் அந்தச் சபையும் இல்லாமற் போய், அதனிடத்தில் அரசாங்க சபை தோன்றிற்று. 1879இல் முதன் முதலாகச் சபைக்குள் நுழைந்த இராமநாதனின் பொதுவாழ்வும், இந்நாட்டுச் சட்டமன்றத்தின் ஐம்பது ஆண்டு கால வளர்ச்சியும் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்தவையாகும்.

அவரைப் பற்றி எமது மக்கள் அறிந்திருப்பவை பல. மருதனார்மடத்தில் பெண்களுக்கென அவர் நிறுவிய கல்லூரி, திருநெல்வேலியில் அமைத்த பரமேஸ்வராக் கல்லூரி, கொழும்பு கொச்சிக்கடையில் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேஸ்வரர் ஆலயம் ஆகியன அவரது பெயரை இன்றும் சொல்லிக் கொண்டிருக்கின்றன. ஆயினும், அவர் அமர்ந்திருந்த சபை எவ்வாறு அமைக்கப்பட்டிருந்தது, அதற்கு இருந்த அதிகாரங்கள் எவை, இல்லாத அதிகாரங்கள் எவை என்ற கேள்விகளை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். சட்டமன்றத்தில் ஓர் ஆசனத்தைப் பெறுவது ஒன்று. அந்த ஆசனத்தைக் கொண்டு அரசின் ஒரு முடிவை மாற்றுவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலான தூரத்தை அறிந்து கொள்வதற்கு இராமநாதனின் வாழ்க்கையைப் போன்ற பாடம் வேறில்லை என்றே நாம் கருதுகிறோம்.

கோல்புறூக், கமரன் ஆகியோரின் சிபாரிசுகளின் பேரில் 1833இல் அமைக்கப்பட்ட சட்டநிரூபண சபையில் பதினைந்து உறுப்பினர்கள் இருந்தனர். அவர்களுள் ஒன்பது பேர் அரசாங்க உத்தியோகத்தர்கள். எஞ்சிய ஆறு பேரும் உத்தியோகப்பற்றற்றவர்கள். இந்த ஆறு பேரில் மூவர் ஐரோப்பியர். சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்குத் தலா ஓர் ஆசனம். எவரையும் மக்கள் தெரிவு செய்யவில்லை; அனைவரும் தேசாதிபதியினால் நியமிக்கப்பட்டவர்களே. தலைமை வகித்தவரும் தேசாதிபதியே. உத்தியோகத்தர்கள் அரசாங்கத்தின் கட்டளைப்படியே வாக்களிக்க வேண்டியவர்களாதலால், எந்தப் பிரேரணையின் முடிவும் விவாதம் தொடங்குவதற்கு முன்னரே தெரிந்திருந்தது. இராணுவச் செலவை இலங்கையின் தலையில் சுமத்த இலண்டன் முற்பட்டபோது, தமது எதிர்ப்பு எண்ணிக்கையினால் தோற்கடிக்கப்படுவதைக் கண்ட உத்தியோகப்பற்றற்ற உறுப்பினர்கள் 1864இல் கூட்டாகப் பதவி துறந்தனர். பொதுப்பணத்தின் மீது அதிகாரமற்ற சபை வெறும் ஆலோசனை மன்றமே என்பதை அந்தச் சம்பவம் அன்றே உணர்த்திற்று.

இத்தகைய சபையில் தமிழர் ஆசனம் நீண்டகாலம் ஒரு குடும்பத்தின் வசமே இருந்தது. இராமநாதனின் தாய்மாமனான சேர் முத்துக்குமாரசுவாமி 1861 முதல் 1879இல் தாம் இறக்கும் வரையில் அதனை வகித்தார். அவருக்குப் பின்னர் அந்த ஆசனம் இருபத்தெட்டு வயதே நிரம்பியிருந்த மருகரைச் சென்றடைந்தது. இராமநாதன் பதவியிலிருந்து விலகிய பின்னர் அவரது தமையனார் குமாரசுவாமி அவ்விடத்துக்கு நியமிக்கப்பட்டார். கல்வி, செல்வம், ஆங்கிலேய ஆட்சியாளரின் நம்பிக்கை ஆகிய மூன்றும் சேர்ந்தே ஒரு சமூகத்தின் பிரதிநிதியைத் தீர்மானித்த காலம் அது. வன்னியின் விவசாயியோ, மட்டக்களப்பின் மீனவரோ, தோட்டங்களில் உழைத்த தொழிலாளியோ தம்முடைய பிரதிநிதி யார் என்று கேட்கப்படவில்லை.

இராமநாதன் 1851 ஏப்ரலில் கொழும்பில் பிறந்தவர். தந்தையார் முதலியார் பொன்னம்பலம். கொழும்பு அக்கடமியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கற்றுச் சட்டத்தரணியானார். வழக்குத் தீர்ப்புகளைத் தொகுத்து வெளியிட்டுச் சட்டத்துறையில் பெயர் பெற்றார். இவரது இளைய சகோதரர் அருணாசலம் போட்டிப் பரீட்சையின் மூலம் இலங்கைச் சிவில் சேவையில் பிரவேசித்த முதலாவது இலங்கையராவார். சட்ட அறிவும் வாக்கு வன்மையும் வாய்க்கப் பெற்ற இராமநாதன், அதிகாரமற்ற ஓர் ஆசனத்திலிருந்தும் எவ்வளவு செய்ய முடியும் என்பதை 1879 முதல் 1892 வரையான காலத்தில் காட்டினார். கேள்வி கேட்டல், மனுக்களை முன்வைத்தல், மசோதாக்களின் வாசகங்களைத் துருவி ஆராய்தல், நீண்ட உரைகளின் மூலம் அரசாங்கத்தை விளக்கமளிக்க வைத்தல் ஆகியவையே அவருக்கிருந்த ஆயுதங்கள். வெசாக் தினத்தை அரச விடுமுறையாக்க வேண்டுமென்ற பௌத்தர்களின் கோரிக்கைக்கும் அவர் துணை நின்றார். அது 1885இல் நிறைவேறிற்று.

இதே காலகட்டத்தில்தான் இன்று வரை ஆறாத ஒரு காயத்துக்கும் அவர் காரணரானார். இலங்கைச் சோனகர் இனத்தால் தமிழரே, மதத்தால் மாத்திரம் வேறுபட்டவர் என்ற கருத்தை 1885இல் சபையில் வெளியிட்ட அவர், 1888இல் றோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் அதனை ஓர் ஆய்வுரையாகவே வாசித்தார். முஸ்லிம்களுக்கெனத் தனியாக ஓர் ஆசனம் வழங்கப்பட வேண்டுமா என்பது பேசப்பட்டுக் கொண்டிருந்த வேளை அது. ஆகவே, தமக்கு உரித்தான பிரதிநிதித்துவத்தைத் தடுப்பதற்கான முயற்சியாகவே முஸ்லிம் தலைவர்கள் அந்த உரையை நோக்கினர். சித்திலெப்பையின் முஸ்லிம் நேசன் பத்திரிகை அதனைக் கண்டித்தது. 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு விரிவான மறுப்பு நூலொன்றை வெளியிட்டார்.

இந்த வாதத்தின் இனவியல் நுணுக்கங்களுக்குள் நாம் செல்ல விரும்பவில்லை. ஒரே மொழியைப் பேசுவதனால் மட்டும் ஒரு சமூகம் இன்னொன்றின் பகுதியாகி விடுவதில்லை. ஒரு சமூகம் தன்னை எவ்வாறு அழைத்துக் கொள்வது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அந்தச் சமூகத்துக்கே உரியது. 1889இல் சபை விரிவாக்கப்பட்டு, கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் தலா ஓர் ஆசனம் ஒதுக்கப்பட்டு, எம்.சி. அப்துல் ரஹிமான் முதலாவது முஸ்லிம் உறுப்பினராக நியமனம் பெற்றார். உத்தியோகப்பற்றற்ற ஆசனங்கள் எட்டாக உயர்ந்தன. உத்தியோகத்தரின் ஒன்பது ஆசனங்கள் அவ்வாறே இருந்தன. ஒற்றை ஆசனங்களுக்காகச் சமூகங்கள் தம்முள் முரண்பட்டுக் கொண்டிருந்தபோது, பெரும்பான்மை அதிகாரம் சேதாரமின்றித் தேசாதிபதியின் கையிலேயே இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

1892இல் இராமநாதன் சொலிசிற்றர் ஜெனரலாக நியமிக்கப்பட்டார். அரசாங்கத்தைக் கேள்வி கேட்டவர் அரசாங்கத்தின் சட்ட அதிகாரியானார். 1906 வரை அப்பதவியில் இருந்து ஓய்வு பெற்ற பின்னர், சமயப் பணியிலும் கல்விப் பணியிலும் ஈடுபட்டிருந்த அவரை மீண்டும் அரசியலுக்கு அழைத்து வந்தது 1910ஆம் ஆண்டின் குறூ மக்கலம் சீர்திருத்தமாகும். அதன்படி சபையின் உறுப்பினர் தொகை இருபத்தொன்றாகியது. பதினொருவர் உத்தியோகத்தர், பத்துப் பேர் ஏனையோர். இந்தப் பத்துப் பேருள் நால்வர் தெரிவு செய்யப்படுவோராயினர். அந்த நான்கு ஆசனங்களில் ஒன்றே படித்த இலங்கையருக்குரிய ஆசனம்.

1911இல் நடைபெற்ற அந்தத் தேர்தலில் நாடு முழுவதிலும் வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தோர் சுமார் 3,000 பேரே. சிங்களவர் கணிசமாக இருந்த அந்த வாக்காளர் தொகுதியில் டொக்டர் மாகஸ் பெர்னாண்டோவைத் தோற்கடித்து இராமநாதன் வெற்றியீட்டினார். சிங்கள வாக்காளர் ஒரு தமிழரைத் தெரிவு செய்த பெருந்தன்மையாக இது போற்றப்படுவதுண்டு. அதில் உண்மையில்லாமலில்லை. ஆயினும், பெர்னாண்டோ கராவ சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதனால் கொவிகம உயர் குழாத்தினர் பலர் இராமநாதனை ஆதரித்தனர் என்பதையும் வரலாற்றாசிரியர்கள் சுட்டிக் காட்டியுள்ளனர். வெற்றி எவ்வாறு கிட்டியிருப்பினும், எண்ணிக்கையில் ஒன்றால் குறைந்த பத்துப் பேருள் ஒருவராகவே அவர் சபைக்குச் சென்றார்.

அந்த ஒருவரின் குரலுக்கு இருந்த வலிமையும் வரம்பும் 1915இல் தெளிவாகத் தெரிந்தன. அந்த ஆண்டு மே மாத இறுதியில் கண்டியில் ஆரம்பமாகிப் பல மாவட்டங்களுக்கும் பரவிய வன்செயலில் முஸ்லிம்களின் கடைகள் ஆயிரக்கணக்கில் சூறையாடப்பட்டன; பள்ளிவாசல்கள் தாக்கப்பட்டன; உயிர்கள் பலியாகின. தேசாதிபதி சாமர்ஸின் அரசாங்கம் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து, அதனை மூன்று மாதங்கள் வரை நீடித்தது. விசாரணையின் சாயல் மட்டுமே கொண்ட தீர்ப்புகளின் பேரில் பலர் சுட்டுக் கொல்லப்பட்டனர். இளைஞரான ஹென்றி பேதிரிஸ் அவர்களுள் ஒருவர். டி.எஸ். சேனாநாயக்க, டி.பி. ஜயதிலக்க உள்ளிட்ட சிங்களத் தலைவர்கள் சிறையிலடைக்கப்பட்டனர்.

இராமநாதன் சபையில் எழுந்து நின்று, இராணுவச் சட்டத்தின் பெயரால் நிகழ்ந்த கொலைகளையும் அத்துமீறல்களையும் ஒவ்வொன்றாக எடுத்துரைத்தார். கலகத்தால் நேர்ந்த நட்டத்தைச் சிங்கள மக்களிடமிருந்து கூட்டாக அறவிடும் சட்டத்தையும் எதிர்த்தார். அவரது உரைகள் எந்த வாக்கெடுப்பையும் மாற்றவில்லை. உத்தியோகத்தரின் பெரும்பான்மை வழக்கம் போலவே இயங்கிற்று. யுத்தக் காலக் கடலைக் கடந்து இலண்டன் சென்று குடியேற்ற நாட்டு அமைச்சிடம் முறையிட்ட பின்னரே நிலைமை அசையத் தொடங்கியது. சாமர்ஸ் திருப்பி அழைக்கப்பட்டார். நாடு திரும்பிய இராமநாதனின் வண்டியைக் குதிரைகளை அவிழ்த்து விட்டுச் சிங்களப் பிரமுகர்களே இழுத்துச் சென்ற கதையைத் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாகப் பெருமையுடன் சொல்லி வருகின்றனர்.

அந்தப் பெருமையை நாமும் குறைத்து மதிப்பிடவில்லை. சட்டத்தின் ஆட்சியைக் காப்பதற்காக ஒருவர் தம் சமூகமல்லாத ஒரு சமூகத்துக்காகக் குரல் கொடுப்பது சட்டமன்ற உறுப்பினரின் மிக உயர்ந்த கடமையாகும். ஆனால் அதே வன்செயலில் வீடுகளையும் கடைகளையும் உறவுகளையும் இழந்து நின்ற முஸ்லிம்களுக்காக அவரது குரல் அதே உரத்துடன் ஒலிக்கவில்லை என்பதும் வரலாறே. வண்டி இழுத்த கதையைக் கேட்கும் ஒரு முஸ்லிம் வாசகரின் மனதில் எழும் வேதனையைப் புரிந்து கொள்ளாமல் தமிழ் பேசும் மக்களின் ஒற்றுமையைப் பற்றி எழுதுவது போலித்தனமாகும். ஓர் அநீதியைக் கண்டிக்கும் நாவு, அதற்கு முன்னர் நிகழ்ந்த அநீதியையும் கண்டிக்க வேண்டும்.

1920இல் மனிங் சீர்திருத்தத்தின் மூலம் சபை முப்பத்தேழு பேர் கொண்டதாயிற்று. உத்தியோகத்தர் பதினான்கு பேர், ஏனையோர் இருபத்துமூவர். முதல் தடவையாக உத்தியோகத்தர் சிறுபான்மையினராயினர். 1924இல் சபை நாற்பத்தொன்பது பேராக விரிந்தபோது உத்தியோகத்தர் தொகை பன்னிரண்டாகக் குறைந்தது. வடக்கிலிருந்து தெரிவாகி இராமநாதன் மீண்டும் சபையில் அமர்ந்தார். நிதிக்குழுவில் உறுப்பினர்கள் திணைக்களத் தலைவர்களைக் குறுக்கு விசாரணை செய்தனர், செலவினங்களை வெட்டினர். ஆனால் நிருவாகப் பொறுப்பு அவர்களிடம் இருக்கவில்லை. மிக முக்கியமானதெனத் தேசாதிபதி கருதும் விடயமொன்றை உத்தியோகத்தரின் வாக்குகளை மட்டும் கொண்டு நிறைவேற்றும் அதிகாரமும் அவருக்கிருந்தது. முன்னர் அதிகாரமற்றிருந்த சபை, இப்போது பொறுப்பற்ற அதிகாரத்தைப் பெற்றிருந்தது. இந்த முரண்பாட்டையே 1927இல் இலங்கை வந்த டொனமூர் ஆணைக்குழு முக்கிய குறைபாடாகக் கண்டது.

டொனமூர் ஆணைக்குழுவின் சிபாரிசுகள் இரு முனைகளைக் கொண்டிருந்தன. ஒன்று சர்வசன வாக்குரிமை. 1924ஆம் ஆண்டுச் சபைக்கு வாக்களிக்கத் தகுதி பெற்றிருந்தோர் மக்கள் தொகையில் நூற்றுக்கு நான்கு பேரளவிலேயே இருந்தனர். இப்போது வளர்ந்த ஆண், பெண் அனைவருக்கும் வாக்கு. மற்றையது இனவாரிப் பிரதிநிதித்துவத்தின் ஒழிப்பு. ஐம்பது பிரதேசத் தொகுதிகள், எட்டு நியமன உறுப்பினர்கள், மூன்று அரச உத்தியோகத்தர்கள் என அறுபத்தொருவரைக் கொண்ட அரசாங்க சபை. அது ஏழு நிருவாகக் குழுக்களாகப் பிரிந்து, குழுத் தலைவர்களே அமைச்சர்களாவர். சட்டவாக்கத்தோடு நிருவாகத்திலும் உறுப்பினர் அனைவருக்கும் பங்கு கொடுத்த புதுமையான ஏற்பாடு அது.

இராமநாதன் இவ்விரண்டையும் எதிர்த்தார். 1930இல் நீண்ட மனுவொன்றை எழுதித் தம் ஆட்சேபங்களை இலண்டனுக்குத் தெரிவித்தார். எண்ணிக்கையை மட்டுமே அளவுகோலாகக் கொண்ட சபையில் சிறுபான்மைச் சமூகங்கள் நிரந்தரமாகத் தோற்றுக் கொண்டேயிருக்கும் என்ற அவரது அச்சம் நியாயமானது. ஆனால் அந்த அச்சத்தோடு அவர் சேர்த்து வைத்த மற்றொன்று நியாயமானதன்று. பெண்களுக்கும் கல்வியும் சொத்துமற்ற சாதாரண மக்களுக்கும் வாக்குரிமை வழங்குவதை அவர் விரும்பவில்லை. பெண்களுக்காகக் கல்லூரி கட்டிய அதே கரம், அவர்களது வாக்குச்சீட்டைத் தடுக்க முற்பட்டது. சமூகத்துக்கான பாதுகாப்பைக் கோரிய ஒருவர், அச்சமூகத்தின் பெரும்பகுதியினருக்கு அதில் பங்களிக்க மறுத்தார். 1929 டிசம்பரில் சட்டநிரூபண சபை 19க்கு 17 என்ற வாக்குகளால் டொனமூர் திட்டத்தை ஏற்றது. சிறுபான்மைச் சமூகங்களின் உறுப்பினர்களில் மிகப் பெரும்பாலோர் எதிராகவே வாக்களித்தனர்.

அவரது அச்சம் பொய்க்கவில்லை. 1931இல் தெரிவான உறுப்பினருள் முஸ்லிம் ஒருவர் மட்டுமே. 1936இல் ஒரு முஸ்லிமும் தெரிவாகவில்லை, ரி.பி. ஜாயாவும் ராசிக் பரீத்தும் நியமன உறுப்பினர்களாகவே சபைக்குச் சென்றனர். அதே ஆண்டில் ஏழு நிருவாகக் குழுக்களின் தலைமைகளும் சிங்கள உறுப்பினர் வசமாகி, தமிழரோ முஸ்லிமோ இல்லாத அமைச்சர் சபை உருவாயிற்று. சபாநாயகர் ஆசனத்தில் தமிழரான சேர் வைத்திலிங்கம் துரைசுவாமி அமர்ந்திருந்தார் என்பது உண்மை. ஆயினும் சபாநாயகரின் கௌரவம் வேறு, அமைச்சரின் அதிகாரம் வேறு.

1947இல் சோல்பரி அரசியலமைப்பு நூற்றொரு உறுப்பினர் கொண்ட பிரதிநிதிகள் சபையையும், முப்பது உறுப்பினர் கொண்ட செனற் சபையையும், ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகமான சட்டங்களை இயற்றக்கூடாது என்ற 29ஆம் பிரிவையும் தந்தது. மலையக மக்கள் தெரிவு செய்த உறுப்பினர்கள் அச்சபையில் அமர்ந்திருக்கும்போதே 1948இல் அம்மக்களில் மிகப் பெரும்பாலோரின் பிரஜாவுரிமை பறிபோயிற்று. செனற் சபை அதனைத் தடுக்கவில்லை. 1953இல் கோமறைக் கழகமும் அச்சட்டம் 29ஆம் பிரிவுக்கு முரணானதன்று என்றே தீர்த்தது. 1971இல் செனற் சபை ஒழிக்கப்பட்டது; 1972ஆம் ஆண்டுக் குடியரசு யாப்பில் 29ஆம் பிரிவும் இடம்பெறவில்லை. ஆசனம் இருந்தது, இரண்டாவது சபை இருந்தது, எழுத்திலான காப்பும் இருந்தது. அவற்றை இயங்க வைக்கும் அரசியல் விருப்பம் மட்டும் இருக்கவில்லை.

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் கீழ் நிறைவேற்று அதிகாரம் ஜனாதிபதியிடம் சென்றது. 1988 முதல் பாராளுமன்றம் 225 பேரைக் கொண்டது. 196 பேர் தேர்தல் மாவட்டங்களிலிருந்தும் 29 பேர் தேசியப் பட்டியலிலிருந்தும் வருகின்றனர். பொதுநிதியின் மீது முழுக் கட்டுப்பாடு பாராளுமன்றத்துக்கே உரியது. சட்டமொன்று நிறைவேறிய பின்னர் அதன் செல்லுபடித்தன்மையை எந்த நீதிமன்றமும் கேள்விக்குட்படுத்த முடியாது. மசோதா நிலையில் மட்டுமே உயர் நீதிமன்றத்தை நாடலாம். 150 வாக்குகள் இருந்தால் அரசியலமைப்பையே திருத்தலாம். சில அடிப்படை ஏற்பாடுகளுக்கு மாத்திரம் மக்கள் தீர்ப்பும் வேண்டும். 2024 நவம்பரில் நடைபெற்ற பொதுத் தேர்தலில் தனியோர் அணி 159 ஆசனங்களைப் பெற்றது. இத்தகைய எண்ணிக்கைகளுக்கு முன்னால், எமது சமூகங்களின் பிரதிநிதிகள் எத்தனை பேர் என்ற கேள்வி மட்டும் போதுமானதாகாது.

தேர்தல் காலங்களில் தமிழ், முஸ்லிம் அரசியல்வாதிகள் எம்மிடம் கேட்பதெல்லாம் ஆசனங்களே. அந்த ஆசனங்களிலிருந்து எந்த மசோதாவை உரிய காலத்தில் ஆராய்ந்தார்கள், எந்தக் குழுவில் அமர்ந்து எந்தச் செலவினத்தைக் கேள்விக்குட்படுத்தினார்கள், அடுத்த சமூகத்துக்கு அநீதி நேர்ந்தபோது எழுந்து நின்றார்களா என்பவற்றை நாம் அவர்களிடம் கேட்க வேண்டும். அதிகாரமற்ற சபையொன்றில் ஒற்றை உறுப்பினராக இருந்து இராமநாதன் செய்தவற்றில் பாதியையேனும் அதிகாரமுள்ள சபையில் அமர்ந்திருப்போர் செய்ய வேண்டாமா?

இராமநாதனைத் தெய்வமாக்குவதும் தூற்றுவதும் இலகுவானவை. அவரது உழைப்பையும் துணிவையும் எடுத்துக் கொண்டு, அவர் இழைத்த இரு தவறுகளை நாம் தவிர்த்துக் கொள்வதே பயனுடையது. சகோதர சமூகத்தின் அடையாளத்தை அதன் சம்மதமின்றித் தீர்மானிக்க முற்பட்டது ஒரு தவறு. தம் சமூகத்தின் எளிய மக்களை நம்பாமல் அவர்களது உரிமையைக் காக்க முற்பட்டது மற்றையது. அவர் நிறுவிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளாகத்தில் 1974இல் ஆரம்பிக்கப்பட்ட யாழ்ப்பாண வளாகமே இன்று பல்கலைக்கழகமாக உயர்ந்து நிற்கின்றது. அங்கு தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் பயில்கின்றனர். மாணவியரும் பெருந்தொகையினராக உள்ளனர். அவர் வாக்குரிமை வழங்கத் தயங்கியவர்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களுள் இருக்கின்றனர். அவரால் முழுமையாகச் செய்ய முடியாமற் போனதைச் செய்யும் பொறுப்பு அந்தத் தலைமுறையையும் எம் அனைவரையும் சார்ந்ததாகும்.